நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

மஞ்சள் சீட்டு பதினேழு. தனக்கோடி இரண்டு தடவை எண்ணிவிட்டாள். மூன்றாவது தடவை பதினாறுதான் வந்தது, அதனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மேடையில் நடு நாற்காலியில் இருந்த வெளித்தேர்வாளர் அந்தத் தடித்த ஆய்வேட்டை மேசைமேல் படுக்க வைத்திருந்தார். பக்கங்களின் ஓரத்திலிருந்து சின்னச் சின்ன மஞ்சள் காகிதங்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாக்கும் ஒரு கேள்வி என்று படியேறும்போது எஸ்தர் சொன்னாள். இட்லியா தோசையா என்று கேட்கிற குரலில் சொன்னாள். மனிதர் ஐதராபாத்தில் வேலை பார்ப்பவர், தமிழர்தான், வெள்ளைச் சட்டை, நரைத்த புருவம், வந்ததிலிருந்து சிரிக்கவில்லை. சிரிக்காத அதிகாரிகளைத் தனக்கோடி நிறையப் பார்த்திருக்கிறாள். தாசில்தார், லேபர் ஆபீசர், டி.எஸ்.பி. அவர்கள் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறாள், தட்டிய தட்டில் ஒரு தாசில்தாரின் மைக்கூடு கவிழ்ந்திருக்கிறது. இன்றைக்கு அறுபத்தாறு வயதில், மின்விசிறி கிரீச்சிடும் இந்தப் பல்கலைக்கழகக் கூடத்தில், முதல் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு விரல் அகலக் காகிதத்துக்கு முழங்கால் நடுங்குகிறது. நல்லவேளை, புடவைக்குள் நடுங்குகிறது. மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டுப் பக்கம். அப்படியென்றால் நூற்று நாற்பத்திரண்டு ஏறக்குறையப் பாதி. அந்தப் பாதிக்குப் பக்கத்தில் மூன்று நாக்குகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அதுவாக இருக்குமா, அதற்கு முந்தின பக்கமா, பிந்தின பக்கமா. ஆய்வேட்டை எழுதிய அமுதவல்லி, இவர்களுக்கு வல்லி, திரைக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். நீலக் கைத்தறிப் புடவை, தோள்பட்டையில் குத்திய ஊக்கு மினுங்கியது. குரல் நடுங்கவில்லை. குரல் நடுங்காதவரைக்கும் நல்லது. ஒரு சொல் கூடப் புரியவில்லை, ஆனால் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம், பேருந்துக்குக் காத்திருக்கும்போது தூரத்துச் சத்தத்தை வைத்து வருவது பஸ்ஸா லாரியா என்று கண்டுபிடிப்பது மாதிரி.

புரியவில்லை என்பதை யாருக்கும் சொன்னதில்லை, அதுதான் இத்தனைக்கும் வேர். மூன்று வாரத்துக்கு முன்னால் வல்லி ஆய்வேட்டின் நகல் ஒன்றைப் பைண்டு போட்டுக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். மூன்றாம் இயல் முழுக்க நீதான் கோடியக்கா, என்றாள். தனக்கோடி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள், நிதானமாக, படிக்கிறவள் புரட்டுகிற மாதிரி. தமிழில் எதைக் கொடுத்தாலும் படிப்பாள். கட்சிக் கடையில் வாங்கிய மெல்லிய புத்தகங்களில்தான் அவள் படித்தது, சாணிக் காகிதத்தில் அச்சடித்தவை, ஒரு நாள் உலகம் எப்படி உருவானது என்று, மறுநாள் கூலி என்றால் என்ன என்று. எட்டாம் வகுப்பில் நின்றவள் அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எம்.ஏ. படித்தவனை மேடையில் மடக்கியிருக்கிறாள். ஆங்கிலம் மட்டும் வரவில்லை, வரவில்லை என்று சொல்லவும் வரவில்லை. அப்படிப் புரட்டிக்கொண்டு போகும்போது எறும்பு எறும்பாக ஊரும் எழுத்துகளுக்கு நடுவில், நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாவது வரியில், எண்ணில் எழுதியிருந்தது. 300. சுற்றிலும் எதுவும் புரியாமல் அந்த எண் மட்டும் அவளைப் பார்த்தது. அடுத்த வாரம் எஸ்தர் கேட்டாள், படிச்சிட்டியாக்கா எப்படியிருக்கு. நல்லா வந்திருக்கு, என்றாள். சொன்ன பிறகு அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

யாரும் வாய்மொழித் தேர்வில் தோற்கிறதில்ல கோடியக்கா, இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி பண்ற நிச்சயதார்த்தம் மாதிரி, என்று இப்போதும் இடது பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தர் காதோடு சொன்னாள். ஆய்வு செய்யும் பெண்களுக்கென்று இந்த வட்டத்தைத் தொடங்கியவள் எஸ்தர்தான், அரசுக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், அவர்கள் சேரியில் பெயருக்கு முன்னால் முனைவர் போட்ட முதல் பெண். அவள் ஆய்வு செய்த காலத்தில் அவளுடைய நெறியாளர் அவளை ரேஷன் கடைக்கு அனுப்புவார், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்வார், டீ குடித்த கோப்பையை அவளிடம் மட்டும் கழுவக் கொடுப்பார். கேள்விப்பட்ட அன்றைக்கே தனக்கோடி ஒரு அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு துறை வாசலில் போய் நின்றாள், தன்னந்தனியாக, காலை பத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும். எழுதியது ஒரே வரி. கோப்பை கழுவினால் எந்தத் துறையில் பட்டம் தருவீர்கள்? மறுநாளிலிருந்து கோப்பை நின்றது. அப்படித்தான் தனக்கோடி வட்டத்துக்குள் வந்தாள். இரண்டாவது சனிக்கிழமைகளில் எஸ்தர் வீட்டில் கூடுவார்கள், ஏழெட்டுப் பெண்கள், ஒருத்தியின் இயலை இன்னொருத்தி படிப்பாள், ஒருத்தி தட்டச்சு செய்யும்போது அவள் குழந்தையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு நடப்பாள், விடுதிக் காப்பாளர் அறை தரமாட்டேன் என்றால் தனக்கோடி கிளம்பிப் போவாள். தேர்வு நாளைக்கென்று இரண்டு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் வரிசை முழுக்க நம்முடைய முகமாக இருக்க வேண்டும், நிற்கிறவள் கண் எங்கே போனாலும் ஒரு சொந்த முகத்தில் முட்ட வேண்டும். இரண்டாவது, அவையிலிருந்து கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் முதல் கேள்வி நம்மில் ஒருத்தி கேட்க வேண்டும். கேள்வியை யார் தேர்வுக்கு நிற்கிறாளோ அவளே எழுதிக் கொடுப்பாள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த பதிலாக இருக்கும். ஒரு தடவை தொண்டை திறந்துவிட்டால் பிறகு யார் கேட்டாலும் பயமில்லை. எல்லாம் சரி, யாரும் தோற்கிறதில்லை, சரி. பாக்கியத்துக்கு என்ன ஆச்சு? அவள் வாய்க்குள்ளேயே கேட்டாள், எஸ்தர் காதில் விழுந்துவிட்டது. அது வேற, என்று எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எது வேறு? பாக்கியம் ஒரு கிராமத்தின் பெயரை மாற்றி எழுதிவிட்டாள், பக்கத்துக் கிராமத்தின் பெயர். இத்தனை வருஷம் களத்துக்குப் போனேன்னு சொன்னீங்களே, போனது இதுதானா என்று கேட்டார்கள். கூடம் சிரித்தது. திருத்திக் கொண்டுவா என்றார்கள், திருத்தினாள், மறுபடி திருத்து என்றார்கள், ஒரு கையெழுத்துக்கு ஒன்றரை வருஷம் நடந்தாள். இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள். இரண்டாம் சனிக்கிழமை வருவதில்லை. ஒரு கிராமத்தின் பெயருக்கே அது. இங்கே முந்நூறு பெண்கள்.

முந்நூறு பெண்கள் நடந்தார்கள். அந்த வாக்கியத்தை எழுதியது அவள் கை. முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது, கோணல் மாணலாக எழுதிய தாள் இன்னமும் கண்ணில் நிற்கிறது. ஊரில் இருந்த எல்லாத் தோல் ஷாப்பிலும், தோல் பதனிடும் பட்டறைகள்தான், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் வழிக்கிற வேலை பெண்களுக்கு. கையுறை கிடையாது. விரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும், சோற்றைப் பிசைந்தால் எரியும், பிள்ளைக்கு ஊட்ட முடியாது. ஒதுங்க இடம் கிடையாது, ஆற்றுப் பக்கம் போக வேண்டும், அங்கே மேஸ்திரி பின்னாலேயே வருவான். கையுறை வேண்டும், கக்கூஸ் வேண்டும். இரண்டே கோரிக்கை. எல்லா ஷாப்பிலும் பேசினாள், வர்றோம்க்கா என்றார்கள், எல்லாரும் வர்றோம்க்கா என்றார்கள். தலை எண்ணிப் பார்த்தபோது முந்நூறு வந்தது. ஊர்வலம் சனிக்கிழமை. அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமை காலையில் சொன்னார், அம்மா, நாளையிலிருந்து ஆயுத பூஜை, மெஷினுக்குப் பொட்டு வச்சி மூடிட்டா செவ்வாய்க்கிழமைதான் தெறப்பேன், அடிக்கணும்னா இப்பவே குடு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எப்படிக் காத்திருப்பது? அதற்குள் முதலாளிகள் ஊர் முழுக்க வேறு கதை பரப்பிவிடுவார்கள். அதனால் அச்சு கோக்கும் மேசை ஓரத்திலேயே நின்று துண்டறிக்கையை எழுதினாள். நாளைக்கு நடக்கப் போவதை நேற்று நடந்த மாதிரி எழுதினாள். முந்நூறு பெண்கள் நடந்தார்கள், கடைத்தெரு கதவடைத்து நின்று பார்த்தது, தாலுகா ஆபீஸ் வாசல் அதிர்ந்தது. எழுதும்போது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. பொய் என்று தோன்றவில்லை. ஒரு நாள் முந்திய உண்மை, அவ்வளவுதானே. சனிக்கிழமை விடியும்போதே மழை. ஷாப்பு வாசல்களில் போலீஸ் வேன். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள். கடைத்தெரு கதவடைக்கவில்லை, டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். தாலுகா ஆபீஸ் விடுமுறை, பூட்டு தொங்கியது. விடுமுறை என்பதை நினைக்கவே இல்லை, முந்நூறு என்கிற எண்ணில் மதி மயங்கிப் போயிருந்தது. பூட்டுக்கு முன்னால் நின்று கட்டைப் பிரித்து ஆளுக்கொரு துண்டறிக்கை கொடுத்தாள். அதில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, நீயே படிக்கா என்றார்கள். படித்தாள். வேறு வழி தெரியவில்லை. முந்நூறு பெண்கள் நடந்தார்கள் என்று சத்தமாகப் படித்தபோது முன்னால் நின்ற பூங்காவனம், மழையில் நனைந்த முகத்தோடு, மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். மீதிப் பேர் எங்கே என்று பார்த்தாள். கேலிக்கு இல்லை. நிஜமாகவே வந்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் பார்த்தாள். லத்தியடி வாங்கியது மறந்துவிட்டது, பூங்காவனம் திரும்பியது மறக்கவில்லை.

திரையில் படம் மாறியது. ஆறு, அதன் கரையில் காயப் போட்ட தோல்கள். வல்லி விரலால் எதையோ காட்டினாள். வல்லியின் அம்மாவும் தோல் ஷாப்புதான், ஊர்வலத்துக்கு வராதவர்களில் ஒருத்தி, அதைத் தனக்கோடி ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மனசுக்குள் சொல்லிக் காட்டியிருக்கிறாள். மூன்று தடவை வந்தாள் இந்தப் பெண். முதல் தடவை போனைத் தரையில் வைத்துப் பதிவு போட்டுவிட்டு, எத்தனை பேர் வந்தாங்க கோடியக்கா, என்றாள். முந்நூறு. இரண்டாவது தடவை, எட்டு மாதம் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில், மழையில முந்நூறு பேரும் கடைசி வரைக்கும் வந்தாங்களாக்கா? வந்தாங்க. மூன்றாவது தடவை போன் இல்லை, நோட்டும் பேனாவும் மட்டும். முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவள், கடிப்பதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், எத்தனை பேருக்கா, என்றாள். தனக்கோடிக்குக் கோபம் வந்தது. எத்தினி வாட்டிடீ கேப்ப, போலீஸ்காரன் கூட ரெண்டு வாட்டிதான் கேட்டான், முந்நூறுன்னா முந்நூறு. வல்லி எழுதவில்லை. பேனா காகிதத்தைத் தொட்ட இடத்தில் நின்றது. மை ஊறி ஒரு புள்ளி பெரிதானது. சரிக்கா, என்று நோட்டை மூடினாள். அந்தப் புள்ளி எதற்குப் பெரிதானது? தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா? தெரியாமல் கேட்டிருந்தால் அந்த முந்நூறை நம்பி இயல் எழுதியிருப்பாள், அந்த மஞ்சள் நாக்கு அதைப் பிடித்து இழுக்கும், இயல் சரியும், இயலோடு வல்லி சரிவாள். தெரிந்து கேட்டிருந்தால் இரண்டு வருஷமாக இந்தப் பொய்க்காரியின் வீட்டில் முறுக்குத் தின்று சிரித்துப் பேசியிருக்கிறாள். எது மோசம்?

கைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது சீட்டு. படிக்கட்டில் வல்லி கொடுத்தது, நான்காக மடித்து. இன்னிக்கி மொதல் கேள்வி நீதான் கோடியக்கா, எழுதினத மட்டும் கேளு, கூட்டத்துல பேசற மாதிரி பேசிடாத, என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். உட்கார்ந்த பிறகுதான் பிரித்தாள். மூன்றாம் இயலில் ஒரு துண்டறிக்கையைச் சான்றாகக் கொண்டிருக்கிறீர்கள், அதில் சொல்லப்பட்டதை எப்படிச் சரிபார்த்தீர்கள்? வல்லியின் முத்து முத்தான கையெழுத்து. முதலில் கண்ணாடி சரியில்லையோ என்று நினைத்தாள். பிறகு மடித்தாள். பிறகு பிரித்தாள். உலகத்தில் இல்லாத கேள்வியா இது, இதைத்தான் எழுத வேண்டுமா, இதை என் கையிலா கொடுக்க வேண்டும்? வேண்டுமென்றே செய்திருக்கிறாள். இல்லை, பதில் நன்றாகத் தெரிந்த கேள்வி என்று எழுதியிருக்கிறாள், முந்நூறுதான், எழுதியவரையே மூன்று தடவை கேட்டேன் என்று பதில் சொல்லப் போகிறாள், வெகுளியாக, இந்த நாற்காலியைக் கைகாட்டி. இதைக் கேட்கக் கூடாது. வேறு எதையாவது கேட்டுவிடலாம். இந்த ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம், எல்லாரும் கேட்கிற கேள்வி. இல்லையென்றால் எழுந்து வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், வயசானவள், யார் என்ன சொல்வார்கள். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது, லேசானது வெட்கமாக இருந்தது. முந்தானைக்குள் விரல் கணுக்களில் பெயர்களை எண்ணத் தொடங்கினாள், பயம் வந்தால் அவள் செய்வது இதுதான். பூங்காவனம், ரோசம்மா, காசியம்மா, பெரிய தெய்வானை, சின்னத் தெய்வானை, சலீமா, சலீமாவின் நாத்தனார் மும்தாஜ், குப்பம்மா. ஓடும், தடங்கலில்லாமல் ஓடும், முப்பத்தொன்பது வரைக்கும். அங்கே நின்றுவிடும். மறந்து போனதால் இல்லை. நாற்பதாவது பெயர் செங்கேணி. செங்கேணி கடைசி வரைக்கும் மழையில் நடந்தாள், இவளுக்குப் பக்கத்திலேயே நடந்தாள், கோணிப்பையில் பாதியை இவள் தலைக்கும் பிடித்தாள். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி மிரட்டியதும் மற்றவர்கள் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அத்தனை பேருக்கும் வேலை போனது, அவளுக்கு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைத் தனக்கோடி உச்சரித்ததில்லை, உச்சரிக்க விட்டதுமில்லை. செத்த வீட்டில் எதிரே வந்தபோது காறித் துப்பியிருக்கிறாள். அதற்கப்புறம் நாற்பத்தொன்று. கடைசி வரிசையில் வந்தவள், இடுப்பில் குழந்தை, புதிதாகக் குடி வந்தவள், லைன் வீட்டுக்காரி என்பார்கள். அவள் பெயர் என்ன? யாருக்கும் தெரியவில்லை, அடுத்த மாதமே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். குழந்தையின் மூக்குச் சளி ஞாபகம் இருக்கிறது. பெயர் கேட்கத் தோன்றவில்லை. இருநூற்று ஐம்பத்தொன்பது இல்லாத பெண்களை எழுதத் தெரிந்தது, வந்த ஒருத்தியின் பெயரைக் கேட்கத் தெரியவில்லை.

வெளித்தேர்வாளர் கேள்விகளைத் தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றும் கேட்டு முடித்ததும் அந்த மஞ்சள் சீட்டை உரித்து மேசை ஓரத்தில் ஒட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பக்கத்தில் இருந்த வல்லியின் நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்க ஆளுங்க உணர்ச்சியா எழுதுவீங்க, ஆதாரம்தான் இருக்காது என்று முதல் வருஷமே வல்லியிடம் சொன்னவர் அவர்தான். அதைக் கேட்டு வந்து அன்றைக்கு வல்லி அழவில்லை, எஸ்தர் வீட்டுப் பாத்திரம் மொத்தத்தையும் தேய்த்து வைத்தாள். ஏழு, எட்டு. பாதிக்குப் பக்கத்து மூன்றுக்கு வந்துவிட்டார். எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். தனக்கோடிக்கு ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும், பஸ் நம்பர் படிக்கிற அளவுக்கு. திரீ ஹண்ட்ரட் என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. ஒரு சீட்டை உரித்தார், இன்னொன்றை உரித்தார், மூன்றாவதைத் தொட்டுப் பார்த்து, அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். விட்டுவிட்டார். போய்விட்டது. இல்லை, எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். உரிக்காத அந்த ஒரு நாக்கு அவளையே பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நெறியாளர் எழுந்து, இனி அவையிலிருந்து கேள்விகள் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம், என்று அறிவித்தார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தாடி வைத்த ஒருவர், நெறியாளரின் சிநேகிதர், வரும்போதே தோளில் தட்டிச் சிரித்துப் பேசியவர், கையைப் பாதிக்குத் தூக்கினார். எஸ்தரின் முழங்கை தனக்கோடி விலாவில் இடித்தது. அக்கா, எழுந்திரு. வல்லியின் கண் முதல் வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு வந்து இவளிடம் நின்றது. அந்தக் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். பயம்தான் இருந்தது. இவள் முழங்காலில் இருந்த அதே பயம்.

எழுந்தாள். சமூகத்துக்கு என்ன பயன் என்பது வாய் வரைக்கும் வந்தது. சீட்டைப் பிரித்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் மாதிரியோ கேட்டது. வல்லி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். தமிழில் பதில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது மாதிரி. துண்டறிக்கை முந்நூறு பெண்கள் என்கிறது, காவல்துறைக் குறிப்பில் முப்பத்தைந்து, நான் ஊர் ஊராகப் போய்ப் பெயரோடு கண்டுபிடித்தது முப்பத்தொன்பது, துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயரும் தேதியும் இருக்கின்றன, அந்தத் தேதி ஊர்வலத்துக்கு முந்தின நாள், எழுதியவரை மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் முந்நூறு என்றார், இவ்வளவையும் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். தேதி. அச்சகத்துக்காரர் எல்லாவற்றின் அடியிலும் போடுகிற பொடி எழுத்துத் தேதி. முப்பத்து மூன்று வருஷம் அது அங்கேயே இருந்திருக்கிறது. தனக்கோடிக்குக் காது அடைத்துக்கொண்டது. உட்கார மறந்து நின்றாள். அந்த அடைப்புக்கு நடுவில் தாடிக்காரரின் குரல் வந்தது. அப்ப துண்டறிக்கை பொய்ன்னு நீங்களே சொல்றீங்க, பொய்ய வெச்சி ஒரு இயல் எழுதலாமா, நாளைக்கு இந்த முப்பத்தொம்போதும் பொய் இல்லன்னு யார் சொல்றது? பின்னால் யாரோ சிரித்தார்கள். பாக்கியத்தின் தேர்வன்றைக்கு எழுந்த அதே சிரிப்பு. நெறியாளர் பேனாவை மூடினார். வல்லி தண்ணீரை மறுபடியும் எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள். சொல்ல வேண்டிய ஒரே பதில் அவளுடையது இல்லை. எழுதியவர் பொய் சொன்னார் என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் இந்தக் கூடம் அவளை விடாது. தனக்கோடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். எதற்கென்று தெரியாமல், பூங்காவனம் பார்த்த மாதிரி. சிரித்தவர்களுக்கு நடுவில் காலி நாற்காலிகள்தான் இருந்தன.

“பொய்தான் சார்” என்றாள். “நான்தான் எழுதினேன். மொத நாளே அடிச்சிட்டேன், ஆயுத பூஜைக்கி பிரஸ் மூடிட்டாங்க. வந்தது நாப்பத்தொரு பேரு. அந்தப் பொண்ணு மூணு வாட்டி கேட்டுச்சி, மூணு வாட்டியும் நான் பொய் சொன்னேன். அது மேல தப்பு இல்ல.”

வெளித்தேர்வாளர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தக் கடைசி மஞ்சள் சீட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, பெயர்கள் தெரியுமா அம்மா, என்று கேட்டார். தெரியும் என்று சொல்வதற்குள் வல்லி பேசினாள், மேடைத் தமிழ் விட்டுப்போயிருந்தது. “முப்பத்தொம்போது எங்கிட்ட இருக்குக்கா. ரெண்டுதான் இல்ல.” மேசையில் கிடந்த காகிதம் ஒன்றை இழுத்துக்கொண்டாள். இந்தக் கூடத்தில், இத்தனை பேர் முன்னால், இந்த ஒரு வாக்குமூலத்தை வைத்து வல்லியைத் தூக்கிவிடுவார்களா, புதைப்பார்களா, திருத்திக் கொண்டுவா என்று அனுப்பி ஒன்றரை வருஷம் நடக்க வைப்பார்களா, தனக்கோடிக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருஷம் சொல்லாத பெயர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கோணிப்பையின் ஈர நாற்றம் வந்தது, அதன் பாதியைத் தன் தலைக்கும் பிடித்த கை வந்தது.

“செங்கேணி” என்றாள்.

எஸ்தர் சட்டென்று அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் யாரும் வல்லிக்குச் சொல்லாத பெயர்.

“கடேசி வரைக்கும் நடந்தா. பின்னாடி செஞ்சது வேற. நடந்தது நடந்ததுதான், எழுது.”

வல்லி எழுதினாள். இன்னொருத்தி, என்று கேட்டாள். இன்னொருத்தி. இடுப்பில் குழந்தை, குழந்தையின் மூக்கு. தாடிக்காரர் காத்திருந்தார், நெறியாளர் காத்திருந்தார். ஒரு பெயர் சொன்னால் கணக்கு முடிந்துவிடும், நாற்பத்தொன்றும் நிறைந்துவிடும், யாராலும் ஒரு கேள்வி கேட்க முடியாது. முனியம்மா என்று சொன்னால் யார் போய்த் தேடப் போகிறார்கள்? லட்சுமி என்றால்? அவள் கைக்கு அது எவ்வளவு சுலபம். கையிலிருந்த சீட்டை மறுபடியும் நான்காக மடித்தாள்.

“அவ பேரு எனக்குத் தெரியாதும்மா” என்றாள். “இடுப்புல கொழந்த வச்சிருந்தா. பேரு தெரியாதுன்னே எழுதிக்கோ.”

வல்லி குனிந்திருந்தாள். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை.